புறமரப் பணியும் பழங்கட்டடச் செப்பமும்

தோற்றுவாய்

தமிழகக் கட்டடக் கலையின் வரலாறு பெரும்பாலும் கற்றளிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இதற்குக் காரணம் வெளிப்படை. கல் நின்றது, மரம் அழிந்தது. நின்றதனை ஆராய்தல் எளிது. அழிந்ததனை ஆராய்தல் அரிது. எனினும் கோபுர வாயிற் கதவு முதலாகக் குடியானவர் வீட்டுத் தாழ்வாரம் ஈறாக, வெயிலையும் மழையையும் நேரே தாங்கி நிற்கும் மர உறுப்புகள் பல இன்றும் நம்மிடையே எஞ்சியுள்ளன. அவற்றை இக்கட்டுரையில் ‘புறமரப் பணி’ என வழங்குவோம். அவை இற்றுப்போனவிடத்துச் செப்பஞ் செய்யப் புகுவோர் அறிந்துகொள்ளும் உண்மைகள் யாவை, அவ்வுண்மைகள் தமிழாய்வார்க்கு எவ்வாற்றாற் பயன்படும் என்பனவற்றை ஆராய்தலே நம் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு நிலைக்களமாக நாம் கொண்டது சவ்வாது மலை. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்னும் மூன்று மாவட்டங்களிற் பரந்து கிடக்கும் இம்மலைத் தொடரில், திருவண்ணாமலை மாவட்டப் பகுதியில் அமைந்தது ஜமுனாமரத்தூர். ஊரின் பெயரே ‘மரத்தூர்’ என முடிகின்றது. சந்தனத்திற்குப் பெயர் பெற்ற காடுகள் இம்மலையில் இருந்தன. மலையின் அடிவாரத்தே செங்கம் உள்ளது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாத்தின் தலைவன் நன்னன் ஆண்ட செங்கண்மா இதுவே என்பர் அறிஞர். அந்நூல் கூறும் சேயாறு, இன்று செய்யாறு என வழங்கி, இம்மலையிலேயே தோன்றுகின்றது. தென்மேற்குப் பருவக்காற்றும் வடகிழக்குப் பருவக்காற்றும் இங்கு மழை தருகின்றன. ஆதலின் மரம் நனைவதும் காய்வதும், காய்ந்தபின் மீண்டும் நனைவதும் இங்கு ஆண்டின் பெரும்பகுதியில் நிகழ்கின்றன. மரத்தின் உறுதியை ஆராய்வதற்கு ஏற்ற இடம் இதுவே எனலாம்.

சொற்கள் காட்டும் நோய்கள்

மரம் கெடுதலைக் குறிக்கத் தமிழில் ஒரு சொல் அன்று, பல சொற்கள் உள. உளுத்தல், செல்லரித்தல், மக்குதல், இற்றுப்போதல் என்பன அவற்றுட் சில. இவற்றை ஒருபொருட் பன்மொழியாகக் கொள்வார் உளர். செப்பஞ் செய்வோர்க்கு இவை வெவ்வேறு நோய்களின் பெயர்களாம்.

உளுத்தல் என்பது வண்டினத்தால் நேர்வது. சிறு துளைகளும், அவற்றினின்று உதிரும் மாவு போன்ற துகளும் இதன் அடையாளம். செல்லரித்தல் என்பது கரையானால் நேர்வது. ‘செல்’ என்பது கரையானின் பெயர். அது நிலத்தினின்று மண்வழி அமைத்துக்கொண்டு ஏறி வரும். மக்குதல் என்பது பூஞ்சணத்தால் நேர்வது. மரத்தின் உலர்ந்த எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 20 பங்குக்கு மேல் ஈரம் நிலைத்திருந்தாலன்றிப் பூஞ்சணம் அதன்கண் வளராது. இம்மூன்றுள் எதனாலேனும் வலியிழந்த மரம் தன் சுமையைத் தாங்கமாட்டாது முறிதலும் பொடிதலுமே இற்றுப்போதல். முன்னவை காரணம், பின்னது காரியம் என்க.

இவ்வேறுபாட்டை அறியாது செய்யும் செப்பம் பயனற்றது. கரையானுக்குரிய மருந்தைப் பூஞ்சணத்திற்கு இடுவதாலோ, உளுத்த துளையை அடைத்து ஈரம் புகும் வழியை விட்டுவிடுவதாலோ நோய் நீங்குவதில்லை. நோயை மட்டுமன்று, அதன் மூலத்தையும் தேர்ந்து மருந்திடுக என்னும் வள்ளுவர் நெறி தச்சுத் தொழிலுக்கும் உரியதே.

மரத்தின் உள்ளமைப்புப் பற்றியும் நம் நூல்களிற் குறிப்பு உண்டு. தொல்காப்பிய மரபியல், புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் பிரிக்கின்றது. மூங்கில் புல்லினத்ததாதல் இதனாற் பெறப்படும். இப்பாகுபாட்டின் பயனைத் தச்சர் நன்கறிவர். வயிரத்தைச் ‘சேகு’ என்றும், அதனைச் சூழ்ந்த இளம்பகுதியை ‘வெளிறு’ என்றும் கூறுவர். எவ்வகை மரமாயினும் அதன் வெளிறு விரைவிற் கெடும். தேக்கு, வேங்கை, கருங்காலி போல்வனவற்றின் வயிரம் நெடுநாள் நிற்கும். இன்று புதிய மரம் விரைவில் இற்றுப்போகின்றது என்று பலரும் குறைகூறுவதற்குரிய காரணங்களுள் ஒன்று, இளமரத்தை அறுத்து வெளிற்றுடன் சேர்த்தே பயன்படுத்துதலாகும். பழைய தூணுக்கு ஒட்டுப் போடுவோர் முதலிற் காணவேண்டுவது, ஒட்டும் துண்டு அகக்காழா என்பதே.

மரமும் கல்லும்

மரக் கட்டடங்கள் தமிழகத்திற் பெருகியிருந்தமைக்கு வலிய சான்று ஒன்று கல்லிலேயே உள்ளது. விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் குடைவித்த குகைக்கோயிலின் வடமொழிக் கல்வெட்டு, அயன், அரன், அரி என்னும் மூவர்க்கும் உரிய அக்கோயில் செங்கல், மரம், உலோகம், சுண்ணச்சாந்து ஆகியவை இன்றி அமைக்கப்பட்டது எனக் கூறுகின்றது. இவை இன்றி அமைத்தது புதுமை எனின், இவற்றால் அமைத்தலே அதற்கு முன்னைய வழக்கு என்பது போதரும். அம்மன்னனே குடைவித்த சீயமங்கலம் குகைக்கோயில், சவ்வாது மலை அமைந்த திருவண்ணாமலை மாவட்டத்திலேயே உள்ளது.

எனினும் கல் மரத்தை வெளியேற்றியது என்று மட்டும் கூறுதல் பொருந்தாது. மரத்தின் வடிவத்தைக் கல் ஏற்றுக்கொண்டது. மாமல்லபுரத்துத் திரௌபதி இரதம் கூரை வேய்ந்த குடிலின் வடிவிற்று. புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயிலின் கொடுங்கைகளிற் கைமரங்களும் சட்டங்களும் ஆணிகளுங்கூடக் கல்லிற் செதுக்கப்பட்டுள்ளன. பிற கோயிற் பணியை ஏற்கும் சிற்பிகள், ஆவுடையார்கோயிற் கொடுங்கை நீங்கலாகவே பணிசெய்வதாக உடன்படிக்கை எழுதுவர் என்பது செவிவழிச் செய்தி. கல்லுக்கு ஆணி வேண்டுவதில்லை, கைமரமும் வேண்டுவதில்லை. ஆயினும் அவை செதுக்கப்பட்டன. மழைநீரைச் சுவரினின்று விலக்கி வீழ்த்தும் வளைந்த இறப்பே கொடுங்கையின் முன்மாதிரி என்பது இதனால் விளங்கும்.

இறப்பு என்னும் சொல்லும் ஈண்டு நோக்கத்தக்கது. சங்க நூல்களில் ‘இறை’ என்பது கூரையின் தாழ்ந்த விளிம்பையும் குறிக்கும். அதுவே இறப்பு, இறவாணம் எனப் பிற்காலத்து வழங்கிற்று. சவ்வாது மலையில் வாழும் மலையாளி மக்களின் பழைய வீடுகள் மண்சுவரும் புற்கூரையும் தாழ்ந்த இறப்பும் உடையவை. குனிந்தே புகத்தக்க அத்தாழ்வை வறுமையின் அடையாளமாகக் கருதுவோர் உளர். அது மழைச்சாரலினின்று மண்சுவரையும் மரக்காலையும் காக்கும் உபாயம். கொடுங்கையின் வேலையும் புற்கூரையின் வேலையும் ஒன்றே.

பழைய மாளிகைகளின் மரவேலை பற்றி நெடுநல்வாடை தரும் செய்தியும் இங்கு எண்ணத்தக்கது. அரண்மனை வாயிலின் நெடிய நிலைக்கு வெண்சிறுகடுகு அப்பி நெய் பூசியிருந்தமையை அந்நூல் கூறுகின்றது. இதனைக் கொண்டு, மரத்தைக் காக்க எண்ணெய் பூசும் வழக்கம் சங்க காலத்தே இருந்தது எனத் துணிதல் கூடாது. நெய்யும் வெண்சிறுகடுகும் திருமுருகாற்றுப்படையில் வழிபாட்டுப் பொருள்களாகவே வருகின்றன. நிலையில் தெய்வம் உறையும் என்னும் நம்பிக்கையே இதற்கு அடிப்படை. நிலைக்கு மஞ்சள் பூசி வழிபடும் வழக்கம் இன்றும் உண்டு. எனினும் வழிபாட்டின் பொருட்டு ஆண்டுதோறும் துடைத்துப் பூசப்படும் நிலை, ஆண்டுதோறும் பார்க்கப்படும் நிலையுமாம். செப்பத்தின் முதற்படி பார்வையே அன்றோ?

அழியாது நின்ற மரங்கள்

மரம் பழமையால் அழிகின்றது என்னும் எண்ணம் பொதுவாக நிலவுகின்றது. இது பிழை என்பதற்கு இருவகைச் சான்றுகள் உள.

மராட்டிய நாட்டுக் கார்லே குகையின் வளைந்த விதானத்தில் ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் பொருத்தப்பட்ட மரவளைவுகள் இன்றும் காணப்படுகின்றன. மழை படாத உலர்ந்த இடம் அவற்றைக் காத்தது. இதற்கு நேர்மாறான சான்று நம் நாட்டிலேயே கிடைத்துள்ளது. காவிரிப்பூம்பட்டினத்தை அடுத்த கீழையூரில் இந்தியத் தொல்லியல் துறையினர் 1960-களில் அகழ்ந்தபோது, செங்கல்லாலாகிய படகுத்துறை மேடையுடன் மரக்கம்பங்களின் அடிப்பகுதிகளும் வெளிப்பட்டன. அவை காற்றுப் புகாத ஈரமண்ணிற் புதைந்து கிடந்தமையால் எஞ்சின. பூஞ்சணத்திற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையெனின் அது வாழாது.

ஆகவே முற்றும் உலர்ந்த மரமும் நிற்கும். முற்றும் மூழ்கிய மரமும் நிற்கும். நனைந்து, காய வழியின்றி, காற்றும் பட நிற்கும் மரமே மக்கும். புறமரப் பணியில் இந்நிலை பெரும்பாலும் எங்கு நேர்கின்றது எனின், தூணின் அடியிலும், நிலைக்கால் வாசற்படியைச் சேரும் மூட்டிலும், கைமரத்தின் வெளிமுனையிலும், சட்டங்களின் கழுந்து துளையிற் புகும் இடத்திலும் ஆம். இவை யாவும் மரத்தின் நார் வெட்டுண்ட முனைகள். வெட்டுமுனை, பக்கத்தினும் பன்மடங்கு விரைவாக நீரை உறிஞ்சும்.

இவ்வுண்மையை நன்கறிந்து கட்டப்பட்டது கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனை. வேணாட்டரசின் தலைநகராகவும் பின்னர்த் திருவிதாங்கூரின் தலைநகராகவும் விளங்கிய இவ்வூரினின்று தலைநகரம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவனந்தபுரத்திற்கு மாறியது. 1956இல் இப்பகுதி தமிழகத்துடன் இணைந்தபின்னும், அரண்மனை கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பிலேயே உள்ளது. அதன் கூரைகள் செங்குத்தாகச் சரிந்து சுவர்க்கு வெளியே நெடிது நீள்கின்றன. மந்திரசாலையின் பக்கங்களை மூடும் மரச்சட்டங்கள் சாய்வாக அடுக்கப்பட்டுள்ளன. அவை வெயிலையும் சாரலையும் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடுகின்றன. அழகு எனக் காண்போர் வியக்கும் இவ்வமைப்பு, நனைந்த மரம் விரைவிற் காய்வதற்குரிய அமைப்புமாம்.

நாம் செய்த பிழை

இவ்வுண்மைகளை நாம் நூல்களிலிருந்து அறிந்திருந்தும், செயலில் இறங்கியபோது பிழை செய்தோம். அதனை மறையாது கூறுதல் ஆய்வு நெறியாகும்.

ஜமுனாமரத்தூரை அடுத்த சிற்றூர் ஒன்றில் நாட்டோடு வேய்ந்த பழைய வீடு ஒன்றின் அமைப்பையும், உறுப்புகளின் பெயர்களையும் பதிவு செய்ய நாமும் நம் மாணவர் சிலரும் சென்றிருந்தோம். தாழ்வாரத்துத் தூண்கள் ஆறனுள் மூன்று அடியில் இற்றிருந்தன. வீட்டுப் பெரியவர் வேண்டியதற்கிணங்க, அவற்றைச் செப்பஞ் செய்ய உதவினோம். இற்ற பகுதியைச் சுரண்டி எடுத்து, குழியைச் சிமென்டுக் கலவையால் நிரப்பி, மேலே வண்ணம் பூசினோம். பார்வைக்கு அது மிக நன்றாகவே இருந்தது.

இரண்டு மழைக்காலம் கழித்துச் சென்று கண்டபோது, வண்ணத்தின் மேற்பரப்பு வழுவழுப்பாகவே இருந்தது. விரலால் அழுத்தியவிடத்து உட்குழிந்தது. சிமென்டு மரத்துடன் சேர்ந்து விரிவதும் சுருங்குவதும் இல்லை. ஆதலின் இரண்டற்கும் இடையே மயிரிழை போன்ற பிளவு தோன்றி, அவ்வழியே நீர் புகுந்தது. புகுந்த நீர் ஆவியாகி வெளியேறவொட்டாது வண்ணம் தடுத்தது. நாம் மருந்து என்று இட்டது நோய்க்கு உறையுள் ஆயிற்று.

அடிவாரத்தினின்று அழைக்கப்பெற்ற முதிய தச்சர் ஒருவர் தூணை நோக்குவதற்கு முன் தரையையும் ஓட்டையும் நோக்கினார். தரைக்குச் சிமென்டு இட்டபோது அதன் மட்டம் உயர்த்தப்பட்டு, தூண்களைத் தாங்கிய அடிக்கற்கள் புதையுண்டிருந்தன. கல்லின்மேல் நின்ற மரம், தரைக்குள் நின்ற மரமாயிற்று. உடைந்த ஓடுகளை நீக்கியபோது இறப்பின் நீளமும் ஒரு வரிசை குறைக்கப்பட்டிருந்தது. வீழும் நீர் தூணின் அடியிலேயே தெறித்தது. தூண்களின் கேட்டிற்கு மரம் காரணமன்று. அண்மையில் நிகழ்ந்த இவ்விரு மாற்றங்களே காரணம்.

அவர் செய்த முறை வருமாறு: முதலில் இறப்பை முன்னைய அளவிற்கு நீட்டி, தரையை அகழ்ந்து அடிக்கற்களை வெளிப்படுத்தினார். பின்னர் உளியின் பிடியால் தூணைத் தட்டி, ஒலி மாறும் இடத்தைக் குறித்துக்கொண்டார். நல்ல மரத்தின் ஒலி திண்மையுடையது. இற்ற மரத்தின் ஒலி மங்கியது. குறித்த இடத்திற்குச் சற்று மேலே, நல்ல மரம் தொடங்குமிடத்தில் மட்டும் வெட்டினார். வெட்டைச் சாய்வாக, நீர் வெளியே வழியும்படி அமைத்தார். நன்குலர்ந்த வேங்கையின் வயிரத்தைப் புதிய அடியாக இணைத்து, இரும்பாணிக்கு மாறாக மரமுளை அடித்தார். வெட்டுமுனைகளை எண்ணெயில் ஊறவைத்தார். வண்ணம் பூசவில்லை.

இப்பணியின்போது நாம் எதிர்பாராத ஒன்று வெளிப்பட்டது. மூன்றாம் தூணின் சிமென்டையும் வண்ணத்தையும் நீக்கியபோது, தரைக்கு ஒரு முழ உயரத்தில் பழைய ஒட்டு ஒன்று தெரிந்தது. வேறு மரத்தால், அதே சாய்வெட்டும் மரமுளையும் கொண்டு, என்றோ ஒருவர் அத்தூணைச் செப்பஞ் செய்திருந்தார். அவ்வீட்டார் எவர்க்கும் அது தெரிந்திலது. முழுத்தூணையும் மாற்றிப் புதுத்தூண் நாட்டியிருப்பின், அம்முன்னோரின் பணியும் அதனொடு தொலைந்திருக்கும்.

பிறநாட்டு நெறிகள்

நாம் கண்ட இம்முறை இந்நாட்டிற்கே உரியதன்று. மரக் கட்டடங்களைப் போற்றிக் காத்த நாடுகள் இம்முடிவையே அடைந்துள்ளன.

நார்வே நாட்டில் இடைக்காலத்து மரக்கோயில்கள் 28 இன்று எஞ்சியுள்ளன. அவற்றிற்கு முந்தைய கோயில்களின் தூண்கள் நிலத்திற் குழி தோண்டி நடப்பட்டவை. அவை அடி இற்று அழிந்தன. தூண்களைக் கல்லடித்தளத்தின் மேலிட்ட மரச்சட்டங்களில் நிறுத்திய பின்னரே கோயில்கள் நூற்றாண்டுகள் கடந்து நின்றன. 12ஆம் நூற்றாண்டினதாகிய ஊர்னெஸ் கோயிலில் அதற்கு முன்னிருந்த கோயிலின் செதுக்குப் பலகைகள் எடுத்துப் பொருத்தப்பட்டுள்ளன. பழையதன் நல்ல பகுதியைப் புதியதில் வைத்துக் காத்தமையால், அழிந்த கோயிலின் கலை இன்று அறியப்படுகின்றது.

ஜப்பான் நாட்டு நாரா நகரை அடுத்த ஹோர்யூஜி, உலகில் நின்று நிலவும் மிகப் பழைய மரக் கட்டடங்களை உடையது. 1934இல் தொடங்கிய பெருஞ்செப்பத்தில் கட்டடங்கள் உறுப்புறுப்பாகப் பிரிக்கப்பட்டு, இற்ற பகுதி மட்டும் வெட்டி ஒட்டப்பட்டு, மீண்டும் இணைக்கப்பட்டன. 1949இல் அங்குத் தீயால் நேர்ந்த இழப்பு, மறு ஆண்டில் பண்பாட்டுச் செல்வங்களைக் காக்கும் சட்டம் இயற்றப்படுவதற்குக் காரணமாயிற்று. புதிதாகச் சேர்க்கும் துண்டில் செப்பஞ் செய்த ஆண்டைப் பொறித்தல் அந்நாட்டு வழக்கம். நினைவுச்சின்னங்கள், இடங்கள் பற்றிய பன்னாட்டுக் குழு 1999இல் ஏற்றுக்கொண்ட மரக் கட்டடப் பாதுகாப்பு நெறிகளும், புதிய உறுப்புகள் பின்னாளில் அடையாளம் காணத்தக்கவாறு மறைவான குறியிடப்பெறுதல் வேண்டும் என விதிக்கின்றன.

பதிப்பும் செப்பமும்

இந்நெறி தமிழாய்வார்க்குப் புதிதன்று. ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பிக்கும் நெறியும் இதுவே. 1889இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் வெளியிட்ட உ. வே. சாமிநாதையர் முதலிய பதிப்பாசிரியர்கள் நமக்குக் கற்பித்தது யாது? சிதைந்தவிடத்தைச் சிதைந்தது என்றே காட்டுக, பாடவேறுபாட்டை மறையற்க, தம் ஊகத்தை மூலத்தொடு கலவற்க என்பதன்றோ? செல்லரித்த ஏட்டைத் தூய வெள்ளைத் தாளிற் பெயர்த்தெழுதி, அரிந்த இடங்களைத் தம் சொல்லால் நிரப்பி, மூல ஏட்டை எறிந்துவிடும் பதிப்பாசிரியரை நாம் எவ்வாறு மதிப்போம்? பழைய நிலையைப் பெயர்த்தெறிந்து புதிய நிலையை நாட்டி, ‘பழைய வடிவிலேயே புதுப்பித்தோம்’ என்பாரையும் அவ்வாறே மதித்தல் வேண்டும்.

ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. அதனையும் கூறல் வேண்டும். ஏடு படிக்கப்படுவது, வீடு வாழப்படுவது. தூண் சுமை தாங்கவேண்டும்; கதவு திறக்கவேண்டும். இற்ற மரத்தைச் சான்று என்பதற்காக மட்டும் விட்டுவைத்தால் கூரை வீழும். எனவே செப்பஞ் செய்வோர் எதனையும் வெட்டார் என்பது நம் கருத்தன்று. வெட்டுவதை அளந்து வெட்டுக. வெட்டுமுன் படமும் அளவும் எடுக்க. நீக்கிய துண்டு எவ்வகை மரம் என்பதைக் குறிக்க. சேர்த்த துண்டில் ஆண்டைப் பொறிக்க என்பதே நாம் கூற விரும்புவது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படும் முடிபுகள் இவை: புறமரம் கெடுவதற்கு முதற்காரணம் பழமை அன்று, தேங்கும் நீரே. ஆதலின் மரத்தைத் தொடுமுன் இறப்பையும் தரையையும் திருத்துதல் வேண்டும். கெட்ட பகுதியை மட்டும் நீக்கி, அகக்காழால் ஒட்டுதல் வேண்டும். காய்வதற்கு வழி விடாத பூச்சும் அடைப்பும் நோயை மறைக்குமேயன்றி நீக்கா. செய்த செப்பம் மறைக்கப்படாது பதிவு செய்யப்படுதல் வேண்டும்.

இவற்றொடு ஒன்றை வேண்டுகோளாகவும் கூற விரும்புகிறோம். செட்டிநாட்டு வீடுகள் பலவற்றின் நிலைகளும் தூண்களும் பெயர்க்கப்பட்டுக் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளில் விலைக்கு வைக்கப்படுதலை நாம் காண்கிறோம். சவ்வாது மலையிலும் புற்கூரை வீடுகள் அருகிக் கான்கிரீட்டு வீடுகள் பெருகி வருகின்றன. உறுதியான வீட்டில் வாழ மலைவாழ் மக்களுக்கு உள்ள உரிமையை எவரும் மறுக்கவியலாது. பழைய குடிலில் அவர்கள் வாழ்ந்தே ஆகவேண்டும் என நாம் விழைவது அறமும் அன்று. ஆனால் அக்குடிலைப் பிரிக்கும் நாளில் அங்கே இருந்து, உறுப்புகளை அளந்து, பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுதல் நம் மாணவர்க்கு இயலாத செயலன்று. வளை, கைமரம், வரிச்சு, கழுந்து, குடுமி, சேகு, வெளிறு என்னும் சொற்கள் அகராதியிற் கிடப்பினும், எந்த உறுப்பை எவ்வூரார் எச்சொல்லாற் குறித்தனர் என்பதை அவ்வுறுப்பின் அருகே நின்றே அறிதல் கூடும். மரம் இற்றபின் அதன் பெயரும் இற்றுப்போகும். முன்னதற்கு ஒட்டுப் போடத் தச்சர் உளர். பின்னதற்கு நாமே பொறுப்பு.